கோப்புப் பகிர்வில் கூட்டுறவு
(காவலூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைவழியில் அமைந்த இக்காவலூரை உலகம் அறிந்திருப்பது இங்குள்ள வானோக்கு நிலையத்தினால் ஆகும். அந்நிலையத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை முதற்கண் நினைவூட்ட விரும்புகிறோம். 1977-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லவிருந்தது. அதனைக் காவலூரில் நோக்கினார்கள். இந்துமாக்கடலின் மேல் பறந்த விமானம் ஒன்றிலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் நோக்கினார்கள். வேறு சில நாடுகளிலும் நோக்கினார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது காவலூரில் பதிவாயிற்று. அந்த ஒரு பதிவை மட்டும் வைத்துப் பார்த்தால், யுரேனசுக்கு இதுவரை அறியாத துணைக்கோள் ஒன்று உண்டு என்று கருத இடமுண்டு. பல இடத்துப் பதிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோதுதான், கோளைச் சுற்றி வளையங்கள் இருக்கின்ற உண்மை தெளிவாயிற்று.

ஒவ்வொருவர் கையிலும் இருந்தது ஒரு துண்டு. துண்டுகள் சேர்ந்தபோது முழுமை கிடைத்தது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இந்நெறியைப் பற்றியதே. கணினிகள் தம்முள் நேரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருளைப் பற்றியும், அதனை ஊராட்சி அலுவலகமும் கூட்டுறவுச் சங்கமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் சட்டத்திற்குட்பட்டு எங்ஙனம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றியும் சிறிது கூற விரும்புகிறோம். ஆங்கிலத்தில் இதனை ‘பியர்-டு-பியர்’ முறை என்பர். நாம் இதனை நேர்ப்பகிர்வு என்றே அழைப்போம்.

ஒரே கிணறும் பல குடமும்

இணையத்தில் நாம் வழக்கமாகக் கோப்புகளைப் பெறும் முறை யாது? எங்கோ ஓரிடத்தில் பெரிய கணினி ஒன்று இருக்கிறது. வேண்டுவோர் எல்லாரும் அதனிடமே சென்று கேட்கின்றனர். ஊருக்கு ஒரே கிணறு இருந்து, அத்தனை குடங்களும் அங்கேயே வரிசையில் நிற்பது போன்றது இது. இறைப்பவருக்கும் சிரமம், நிற்பவருக்கும் சிரமம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயிற்சிப் படம் ஒன்று 600 மெகாபைட் அளவுடையது என்றும், அதனை 20 ஊராட்சிகள் பெறவேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். தலைமைக் கணினி 20 பேருக்கும் தனித்தனியே அனுப்பினால் 12,000 மெகாபைட் அனுப்பவேண்டும். நொடிக்கு ஒரு மெகாபைட் வீதம் அனுப்ப வல்ல இணைப்பாயின், இதற்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் பிடிக்கும். நேர்ப்பகிர்வில் தலைமைக் கணினி அக்கோப்பினைப் பல துண்டுகளாக்கி, ஒருவருக்கு ஒரு துண்டும் மற்றவருக்கு வேறொரு துண்டுமாகக் கொடுக்கிறது. பெற்றவர்கள் தம்மிடம் இல்லாத துண்டுகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொள்கின்றனர். எல்லாரும் அதே வேகத்தில் கொடுக்கவும் வாங்கவும் கூடுமாயின், பத்து நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இருபதின்மரும் முழுப் படத்தையும் பெற்றுவிடலாம். இது ஏட்டுக் கணக்கே. நடைமுறையில் இணைப்பின் தரத்திற்கேற்பக் கூடும், குறையும். ஆயினும் முறையின் பயன் இதனால் விளங்கும்.

மலையூர்களுக்கு இதில் மற்றுமொரு நன்மை உண்டு. மழையிலும் காற்றிலும் இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதை நாம் அறிவோம். துண்டு துண்டாகப் பெறும் முறையில், வந்த துண்டுகள் வந்தவையே. இணைப்பு மீண்டதும் எஞ்சியவற்றை மட்டும் பெற்றால் போதும்; முதலிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை.

பலரிடமிருந்து வந்த துண்டுகள் கலப்படமில்லாதவை என்பதற்கு யாது உறுதி என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. மனிதருக்குக் கைரேகை இருப்பது போல், ஒவ்வொரு துண்டிற்கும் கணக்கிட்டுப் பெற்ற ஓர் அடையாள எண் உண்டு. அவ்வெண்களின் பட்டியல் முதலிலேயே கிடைத்துவிடுகிறது. வழியில் யாரேனும் ஒரு துண்டில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் எண் ஒத்துவராது. மென்பொருள் அத்துண்டைத் தள்ளிவிட்டு வேறொருவரிடமிருந்து நல்ல துண்டைப் பெறும். ஆகையால் முதற்பட்டியலை நம்பத்தக்க இடத்திலிருந்து பெறுவதே நாம் செய்யவேண்டிய காவல்.

விதைப்பவரும் அட்டையும்

இம்முறையில் புகழ்பெற்றது பிட்டோரண்ட் என்பது. பிராம் கோஹன் என்பார் 2001-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். முழுக் கோப்பையும் தம்மிடம் வைத்துப் பிறருக்கு வழங்குபவரை இதில் ‘விதைப்பவர்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். பிறரிடம் வாங்கிக்கொண்டே இருந்து, தாம் ஒன்றும் கொடாமல் விலகுபவருக்கு இட்ட பெயர் ‘அட்டை’ என்று பொருள்படுவது. மழைக்காலத்தில் காட்டுவழி நடப்போருக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை.

இது நமக்குப் புதிய நெறியன்று. இன்று உன் கொல்லையில் நான், நாளை என் கொல்லையில் நீ என்று மாறி மாறிக் களையெடுத்தும் கதிர் அறுத்தும் வந்தவர்கள் நாம். விதைச் சாமையை வாங்கியவர், விளைந்தபின் மற்றவருக்கு விதை கொடுத்தார். வாங்குபவனே கொடுப்பவனும் ஆவான் என்ற அந்தப் பழைய ஒழுங்கைத்தான் இந்த மென்பொருள் கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நேர்மையான தொழில்களில் இதன் பயன்

இம்முறையை நாணயமான நிறுவனங்கள் பல நெடுநாளாகக் கையாண்டு வருகின்றன. எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க டெபியன், உபுண்டு முதலிய இயங்குதளங்கள் இவ்வழியிலும் வழங்கப்படுகின்றன. தமிழிலும் பயன்படுத்தத்தக்க லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளை இவ்வாறு பெறலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பொதுநல நூலகம் 2012-ஆம் ஆண்டில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட தொகுப்புகளை இம்முறையில் வழங்கத் தொடங்கிற்று. நமது ஊராட்சி அலுவலகத்தில் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய கணினி இருக்குமாயின், அதில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்றோர் அமைப்பு இருக்கும். ஒரே அலுவலகத்தில் உள்ள கணினிகளில் ஒன்று பெற்ற புதுப்பிப்பைப் பக்கத்துக் கணினி அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ள அது வழி செய்கிறது. இதுவும் நேர்ப்பகிர்வே.

பள்ளிக்கும் நூலகத்திற்கும் ஏற்ற ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை, இணையம் இல்லாத இடத்திலும் படிக்கத்தக்க ஒரே தொகுப்பாகக் கிவிக்ஸ் என்னும் அமைப்பு அளிக்கிறது. இதனையும் நேர்ப்பகிர்வு வழியாகப் பெறலாம். அதன் உரிமமே பகிர்வதற்கு இசைவு தருகிறது. ஒருமுறை மலைமேல் வந்துவிட்டால், பின்னர் அது பள்ளிக்குப் பள்ளி செல்லலாம், தடுப்பார் எவருமிலர்.

கெட்ட பெயர் வந்த வரலாறு

இத்துணை நற்பயன் இருந்தும், டோரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் திருட்டுத் திரைப்படமே பலர் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய நாப்ஸ்டர் என்னும் சேவையில் மக்கள் பாடல்களை உரிமையாளரின் இசைவின்றிப் பகிர்ந்தனர். வழக்கு நடந்தது, 2001-ஆம் ஆண்டில் சேவை நின்றது. பின்னர்த் திரைப்படங்களும் அவ்வழியே சென்றன.

நம் மாநிலத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டில் ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப் படிகள் இணையத்தில் பரவாமல் தடுக்கவேண்டி, சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெறப்பட்டது. அதனைக் காட்டியபோது, இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் சில, பல தளங்களை அடியோடு மூடிவிட்டன. குற்றமற்ற படங்களைத் தாமே எடுத்து வெளியிட்டோரின் தளமும் அதில் அகப்பட்டது. பொதுமக்கள் முறையிட்டனர். இணைப்பு நிறுவனங்களே விளக்கம் கோரி நீதிமன்றத்தை நாடின. தடை என்பது திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட பக்கத்திற்கு மட்டுமே உரியது, தளம் முழுமைக்கும் அன்று என்று அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் எளியது. அரிவாள் கதிரையும் அறுக்கும், பிறர் தோட்டத்து வாழைத்தாரையும் அறுக்கும். பிறர் தாரை அறுத்தவன் கையைச் சட்டம் பிடிக்கிறது. அதற்காக ஊரில் அரிவாளே கூடாது என்று எவரும் கூறுவதில்லை.

ஆயினும் ஒன்றை இளைஞர்களுக்கு அழுத்திக் கூறவேண்டும். நேர்ப்பகிர்வில் வாங்குபவர் அதே வேளையில் கொடுப்பவரும் ஆகிறார் என்று கண்டோம். எனவே, உரிமையில்லாத படத்தை டோரண்ட் வழியே பெறுபவர், தாம் அறிந்தோ அறியாமலோ அதனைப் பிறருக்கு வழங்கவும் செய்கிறார். அவரது இணைப்பின் முகவரியும் பிறர் காணுமாறு இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஊராட்சிக் கணினியில் இக்காரியம் நடந்தால் பழி ஊராட்சிக்கே வரும். திருட்டுப் படிகளோடு வரும் நச்சுநிரல் ஊரார் கணக்கையும் அழித்துவிடக்கூடும்.

ஊராட்சியும் சங்கமும் செய்யத்தக்கவை

இனி, நாம் செய்யத்தக்கது யாது என்பதைப் பார்ப்போம். ஊரெங்கும் அறிவிக்க டோரண்ட் ஏற்றது. குறிப்பிட்ட சிலருக்குள் மட்டும் பகிர்ந்துகொள்ள அது ஏற்றதன்று. அதற்கெனச் சிங்க்திங் போன்ற மென்பொருள்கள் உள்ளன. சிங்க்திங் 2013-ஆம் ஆண்டில் தோன்றியது, கட்டணமற்றது, விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் இயங்குவது. ஒவ்வொரு கணினிக்கும் நீண்டதோர் அடையாளக் குறி இருக்கும். இரு தரப்பாரும் மற்றவர் குறியைத் தத்தம் கணினியில் பதிந்து ஒப்புதல் அளித்தாலன்றிப் பகிர்வு நிகழாது. செல்லும் வழியில் கோப்பு மறைகுறியாக்கப்பட்டே செல்லும். எந்த நிறுவனத்தின் கிடங்கிலும் அது தங்குவதில்லை. ஒரே கட்டிடத்தில், அல்லது கம்பியாலும் வைஃபையாலும் இணைந்த பக்கத்துக் கட்டிடங்களில் உள்ள கணினிகள், வெளி இணையம் இல்லாதபோதும் தம்முள் பகிர்ந்துகொள்ளும்.

கிராம சபைத் தீர்மானங்கள், ஊராட்சி வளர்ச்சித் திட்டம், வேலை நடக்கும் இடங்களின் நிழற்படங்கள், நீர்நிலைகளுக்கு நாமே வரைந்த படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்புறையில் வைக்கலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாயின், சாமை, தேன், புளி ஆகியவற்றின் இருப்பையும் விலைப்பட்டியலையும் தரப் படங்களையும் மலைமேல் உள்ள கிடங்கும் கீழே உள்ள விற்பனை நிலையமும் ஒரே வடிவில் வைத்துக்கொள்ளலாம். மேலே இருப்புக் கணக்கைத் திருத்தினால் கீழேயும் திருந்தும். பழைய பட்டியலைப் பார்த்து இல்லாத சரக்கை விற்றுவிட்டு, வாங்கியவரிடம் பேச்சு கேட்கும் நிலை வராது.

இதில் பெரிதும் கருதத்தக்கது ஆவணங்களின் பாதுகாப்பு. பல ஆண்டுத் தீர்மானங்களும் கணக்குகளும் ஒரே கணினியில் இருந்து, மின்னல் தாக்கியோ வட்டு பழுதாகியோ அக்கணினி நின்றுபோனால், ஊரின் நினைவே அழிந்தது போலாகும். பாதை போட்டது எந்த ஆண்டு, யார் நிலம் கொடுத்தார், எவ்வளவு செலவு என்பவற்றுக்குச் சான்றின்றிப் போகும். சான்றில்லாத இடத்தில் வலியவன் சொல்லே அம்பலம் ஏறும், எளியவர்க்கே இழப்பு. மூன்று இடங்களில் ஒத்த படிகள் இருந்தால் இந்த அச்சம் பெரிதும் குறையும்.

பெரிய தொகுப்பு ஒன்றை மெல்லிய இணைப்பில் ஏற்றவேண்டியிருந்தால் அதற்கும் ஓர் உபாயம் உண்டு. கீழேயிருந்து வருபவர் பென் டிரைவில் ஒரு படியைக் கொண்டுவந்து இங்குள்ள கோப்புறையில் வைத்துவிடலாம். மென்பொருள் துண்டுகளின் அடையாள எண்களை ஒப்பிட்டு, இருப்பவற்றை விட்டு, மாறியவற்றை மட்டும் இணையத்தின் வழியே பெறும். பேருந்தும் கண்ணாடி இழையும் ஒன்றுக்கொன்று துணை நிற்கலாம்.

எச்சரிக்கைகள்

எச்சாதனத்திற்கும் எல்லை உண்டு. அவற்றையும் மறைக்காமல் கூறுகிறோம்.

முதலாவது, பகிர்வு நிகழ இரு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். ஒன்று காலையிலும் மற்றொன்று மாலையிலும் இயங்கினால் கோப்பு நகராது. எனவே நாள்தோறும் இன்ன நேரத்தில் இரண்டும் இயங்கும் என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஓரிடத்தில் அழித்தது மற்ற இடங்களிலும் அழியும். இதனை உணராதார் மூன்று படி இருக்கிறது என்று நம்பி மூன்றையும் ஒருங்கே இழப்பர். அழிந்தவற்றின் பழைய வடிவங்களை வைத்திருக்கும் ஏற்பாடு மென்பொருளிலேயே உண்டு. அதனை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். அன்றியும் மாதம் ஒருமுறை தனி வட்டில் ஒரு படி எடுத்து, பூட்டி வைப்பது நலம்.

மூன்றாவது, கைப்பேசித் தரவை நம்பியிருப்போர் கவனமாயிருத்தல் வேண்டும். கொடுப்பதும் தரவுச் செலவே. அனுப்பும் வேகத்திற்கு வரம்பு விதித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஊராட்சியும் வெளியிலிருந்து பெறும் 600 மெகாபைட் 600 மெகாபைட்டே. ஒரே கூரையின் கீழுள்ள இரண்டாவது, மூன்றாவது கணினிக்குத்தான் செலவு மிச்சம்.

நான்காவது, இரண்டு பக்கக் கடிதத்திற்கு இவ்வளவும் வேண்டா. அதற்கு மின்னஞ்சலும் வாட்ஸப்பும் போதும்.

ஐந்தாவதும் தலையாயதும் ஒன்றுண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம், உதவித்தொகை பெறுவோர் பட்டியல் முதலிய தனிமனிதர் செய்திகளைப் பொதுக் கோப்புறையில் வைத்தல் ஆகாது. 2023-ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இருக்கட்டும், அண்டை வீட்டாரின் கடனையும் நோயையும் ஊரறியச் செய்வது நம் மரபும் அன்று. டோரண்டில் ஒருமுறை விதைத்ததைத் திரும்பப் பொறுக்கி எடுக்க இயலாது என்பதை மறத்தலாகாது.

செய்யவேண்டுவது

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதைப் பாரத்நெட் திட்டம் இலக்காகக் கொண்டது. இழை ஊர்வரை வருவது அரசின் கடமை. வந்த வழியே எதனை அனுப்புவது, எதனைப் பெறுவது, யாரோடு பகிர்வது என்று முடிவு செய்வது ஊரின் கடமை. வாய்க்கால் வெட்டித் தரலாம். முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வது பாசனக்காரர்கள் கையில்தான் உள்ளது.

ஆதலின் நமது வேண்டுகோள் இது. தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எவ்வெக் கோப்புகள் பகிரத்தக்கவை, எவை ஆகாதவை என்று பட்டியலிட்டுத் தீர்மானமாக எழுதுங்கள். அலுவலகக் கணினியில் புதிய மென்பொருளைச் சேர்க்குமுன் வட்டார வளர்ச்சி அலுவலரின் இசைவைப் பெறுங்கள். பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடாமல் இருவரிடம் ஒப்படையுங்கள். அவருள் ஒருவர் கல்வி கற்ற இளம்பெண்ணாக இருப்பின் மிக நன்று. முதலில் இரண்டே கணினிகளில், இழந்தாலும் கவலையில்லாத கோப்புகளைக் கொண்டு ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். குறைகளைக் குறித்து வையுங்கள். பின்னர்ப் பக்கத்து ஊராட்சியை அழையுங்கள்.

விதையைத் தன் குதிரிலேயே பூட்டி வைத்தவன் ஒரு பஞ்சத்தில் விதையின்றிப் போவான். நான்கு வீட்டிற்குக் கொடுத்து வைத்தவனுக்கு எந்த வீட்டிலிருந்தேனும் விதை திரும்பக் கிடைக்கும். ஊரின் ஏடுகளையும் அவ்வாறே காப்போமாக.